களர் நிலத்துக்கு எத்தனை மூட்டை ஜிப்சம்?
எடைக் கணக்கு தெரிந்தால் செலவும் வீணாகாது, நிலமும் திருந்தும்

தஞ்சைத் தரணியில் மழை விட்ட மறுவாரம் வயலின் மேல் வெள்ளை பூக்கும் நிலங்கள் உண்டு. ஈரமாக இருக்கும்போது சேறு காலை விடாது. காய்ந்தால் கட்டி கல்லாகிவிடும். தண்ணீர் கட்டினால் உள்ளே இறங்காமல் கலங்கலாகவே நிற்கும். நாற்று நட்ட பதினைந்தாம் நாள் நுனி கருகும். பயிர் திட்டுத் திட்டாகச் செத்துப் போகும். இத்தகைய நிலத்தையே களர் என்கிறோம்.

களருக்கு மருந்து ஜிப்சம் என்பது விவசாயிகள் அனைவரும் அறிந்ததே. ஆயினும், "ஏக்கருக்கு நான்கு மூட்டை போட்டேன், ஒரு பலனும் இல்லை" என்று சலித்துக் கொள்பவர்கள் பலர். குறை ஜிப்சத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. எத்தனை மூட்டை என்பதைப் பக்கத்து வயலைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. மண்ணில் எவ்வளவு சோடியம் இருக்கிறதோ அதற்கேற்பவே ஜிப்சம் வேண்டும். இதைக் காகிதத்தில் கூட்டிக் கழித்து முன்கூட்டியே அறியலாம். பள்ளிக்கூடத்து ரசாயனப் பாடம் வயலில் பணத்தை மிச்சப்படுத்தும் இடம் இது.

யூரியாவிலிருந்து தொடங்குவோம்

இந்தக் கணக்கு விவசாயிகளுக்குப் புதிதல்ல. யூரியாவில் தழைச்சத்து 46 சதவிகிதம் என்று மூட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. இந்த 46 எங்கிருந்து வந்தது?

ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் ஓர் எடை உண்டு. ஹைட்ரஜன் 1, கரி 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16 என்பது ஒப்பீட்டு எடை. யூரியாவில் கரி அணு ஒன்று, ஆக்சிஜன் ஒன்று, நைட்ரஜன் இரண்டு, ஹைட்ரஜன் நான்கு உள்ளன. 12, 16, 28, 4 ஆகியவற்றைக் கூட்டினால் 60. இந்த 60 பங்கில் நைட்ரஜன் 28 பங்கு. நூற்றுக்குக் கணக்கிட்டால் 46க்குச் சற்று மேல். இப்போது விற்கும் 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 20.7 கிலோ தழைச்சத்து இருப்பதாக நாம் கணக்கிடுவது இந்த அடிப்படையில்தான்.

ஒரு பொருளுக்குள் இருக்கும் சத்தின் எடையை இவ்வாறு அறிவது போலவே, இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று மாறும்போது எவ்வளவு சேர வேண்டும், எவ்வளவு வெளிவரும் என்பதையும் அறியலாம். இதற்கு ஆதாரமான விதி ஒன்றே: ரசாயன மாற்றத்தில் எடை புதிதாக உண்டாவதும் இல்லை, அழிவதும் இல்லை. பிரெஞ்சு நாட்டு லவாய்சியர் 1789இல் வெளியிட்ட நூலில் நிலைநாட்டிய விதி இது. போட்ட பொருள்களின் மொத்த எடையும் கிடைத்த பொருள்களின் மொத்த எடையும் சமமாகவே இருக்கும்.

மண்ணுக்குள் நடப்பது என்ன?

களிமண் துகளின் மேற்பரப்பு கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், சோடியம் ஆகியவற்றைப் பிடித்து வைத்திருக்கும். நல்ல மண்ணில் கால்சியம் மிகுந்திருக்கும். களரில் அந்த இடத்தைச் சோடியம் பிடித்துக் கொள்கிறது. கால்சியம் துகள்களைச் சேர்த்து மணி மணியாகக் கட்டும். சோடியமோ அவற்றைப் பிரித்துக் கலைத்துவிடும். கலைந்த துகள்கள் மண்ணின் கண்களை அடைப்பதால்தான் தண்ணீர் இறங்குவதில்லை, வேருக்குக் காற்றும் கிடைப்பதில்லை.

மண் இவ்வாறு ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றொன்றை விடும் என்பதை இங்கிலாந்தில் தாம்சன் என்பவர் மண் நிரப்பிய குழாயில் அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றிக் கண்டார். கீழே வடிந்த நீரில் அம்மோனியம் இல்லை, ஜிப்சமே இருந்தது. அதாவது, மண் அம்மோனியத்தை வாங்கிக்கொண்டு தன்னிடமிருந்த கால்சியத்தை விட்டுவிட்டது. இதைத் தொடர்ந்து ஆராய்ந்த ஜான் தாமஸ் வே 1850இல் முடிவுகளை வெளியிட்டார். களர் நிலத்தில் நாம் செய்வதும் இத்தகைய பண்டமாற்றுதான். ஜிப்சத்தின் கால்சியத்தைக் கொடுத்துச் சோடியத்தை வெளியே வாங்குகிறோம்.

ஒன்றுக்கு இரண்டு

சோடியத்துக்கு ஒரு கை. கால்சியத்துக்கு இரண்டு கை என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு கால்சியம் உள்ளே போனால் இரண்டு சோடியம் வெளியே வரும். வெளியே வந்த சோடியம் ஜிப்சத்தின் சல்பேட்டோடு சேர்ந்து சோடியம் சல்பேட் என்ற உப்பாகும். இது தண்ணீரில் எளிதில் கரையும்.

இனி எடையைப் பார்ப்போம். கால்சியம் 40, கந்தகம் 32, சோடியம் 23. ஜிப்சத்தில் கால்சியம் ஒன்று (40), கந்தகம் ஒன்று (32), ஆக்சிஜன் நான்கு (64), அதோடு ஒட்டிய நீர் இரண்டு பங்கு (36). மொத்தம் 172.

மண்ணிலிருந்து வெளிவரும் இரண்டு சோடியத்தின் எடை 46.

உண்டாகும் சோடியம் சல்பேட்டின் எடை 46, 32, 64 சேர்ந்து 142.

சரிபார்க்கலாம். போட்டது ஜிப்சம் 172, மண் விட்டது சோடியம் 46, மொத்தம் 218. மண்ணில் தங்கிய கால்சியம் 40, உண்டான உப்பு 142, பிரிந்த நீர் 36, மொத்தம் 218. வரவும் செலவும் சரி.

இதிலிருந்து நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. ஒரு கிலோ சோடியத்தை வெளியேற்ற 3.74 கிலோ தூய ஜிப்சம் வேண்டும். அவ்வாறு வெளியேறும் ஒவ்வொரு கிலோ சோடியத்துக்கும் 3.09 கிலோ உப்பு உண்டாகும்.

ஓர் ஏக்கருக்குக் கணக்கு

ஓர் ஏக்கரில் அரை அடி ஆழத்துக்கு மேல்மண்ணின் எடை ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. ஆய்வுக்கூட அறிக்கையில் சோடியம் "100 கிராம் மண்ணுக்கு இத்தனை மில்லி சமானம்" என்று குறிக்கப்பட்டிருக்கும். சோடியத்தைப் பொறுத்தவரை ஒரு மில்லி சமானம் என்பது 23 மில்லிகிராம்.

உதாரணமாக, ஒரு களிமண் வயலில் மண் பிடித்து வைக்கக்கூடிய மொத்த அளவு 30 மில்லி சமானம், அதில் சோடியம் 9 என்று வைத்துக்கொள்வோம். அதாவது 30 சதவிகிதம். 15 சதவிகிதத்தைத் தாண்டினாலே களர் என்பது கணக்கு. இதை 10 சதவிகிதத்துக்கு, அதாவது 3 மில்லி சமானத்துக்கு இறக்க வேண்டுமானால் 6 மில்லி சமானம் சோடியம் வெளியேற வேண்டும்.

6 மில்லி சமானம் என்பது 100 கிராம் மண்ணுக்கு 138 மில்லிகிராம். ஒரு கிலோ மண்ணுக்கு 1.38 கிராம். 9 லட்சம் கிலோ மண்ணுக்கு 1,242 கிலோ சோடியம்.

இந்த 1,242ஐ 172ஆல் பெருக்கி 46ஆல் வகுத்தால் 4,644 வரும். முழுத் தேவை 4,644 கிலோ தூய ஜிப்சம்.

நெல் வயலுக்கு முழுத் தேவையையும் ஒரே தடவையில் போட வேண்டியதில்லை. நெல் களரை ஓரளவு தாங்கும் பயிர். மேலும் நின்ற நீரில் வேரும் தழையுரமும் விடும் கரியமில வாயு மண்ணிலேயே கரையாமல் கிடக்கும் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கால்சியத்தைத் தரும். ஆகவே தேவையில் பாதி போதும் என்பதே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. பாதி என்றால் 2,322 கிலோ.

கடையில் கிடைக்கும் ஜிப்சம் முழுத் தூய்மையானது அல்ல. 80 சதவிகிதத் தூய்மை என்றால் 2,322ஐ 0.80ஆல் வகுக்க வேண்டும். விடை 2,902 கிலோ. 50 கிலோ மூட்டையில் 58 மூட்டை. 70 சதவிகிதம்தான் என்றால் 67 மூட்டை வாங்க வேண்டும். மூட்டை விலை மட்டும் கேட்டு வாங்குபவர் இங்கே ஏமாறுகிறார். விலையைத் தூய்மையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தின் எடைக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறோம் என்பதையும் மறக்கலாகாது.

மாக்கணக்கில் பார்ப்பவர்கள் ஏக்கருக்கு மூன்று மா என்று கொண்டு, மாவுக்கு ஏறக்குறைய 970 கிலோ, அதாவது 19 முதல் 20 மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம்.

நான்கு மூட்டை போட்டவர் கதை

ஏக்கருக்கு 200 கிலோ ஜிப்சம் என்பது நெல்லுக்கு கால்சியமும் கந்தகமும் கிடைப்பதற்காகச் சாதாரண நிலங்களுக்குச் சொல்லப்படும் அளவு. அதே நான்கு மூட்டையை மேலே கண்ட களர் வயலில் போட்டால் என்ன ஆகும்?

80 சதவிகிதத் தூய்மையில் 200 கிலோவில் இருப்பது 160 கிலோ தூய ஜிப்சம். அது வெளியேற்றக்கூடிய சோடியம் 160ஐ 46ஆல் பெருக்கி 172ஆல் வகுத்தது, 43 கிலோ. வெளியேற வேண்டியதோ 1,242 கிலோ. நூற்றில் மூன்றரைப் பங்கு கூட இல்லை. இதே வேகத்தில் போனால் 29 தடவை போட வேண்டும். பலன் கண்ணுக்குத் தெரியாததில் வியப்பு என்ன?

வண்டி ஒன்றுக்கு மாடு இரண்டு. பத்து வண்டி இருந்தும் பன்னிரண்டு மாடுதான் உண்டென்றால் ஆறு வண்டிதான் ஓடும். ரசாயன மாற்றமும் அப்படியே. எது குறைவோ அதுவே மாற்றத்தின் அளவைத் தீர்மானிக்கும். நான்கு மூட்டை போட்ட வயலில் கால்சியம் குறைவு. ஆகவே சோடியம் மீந்து நின்றது. மாறாக, களரே இல்லாத நல்ல வயலில் 58 மூட்டை கொட்டினால் சோடியம் குறைவு; ஜிப்சம் மீந்து வீணாகும். இரண்டுமே நஷ்டம்தான்.

எனவே மண் பரிசோதனை இல்லாமல் அளவை முடிவு செய்யக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் ஜிப்சம் தேவையை நேராகவே கண்டறிவார்கள். அளவு தெரிந்த ஜிப்சம் கரைசலைச் சிறிது மண்ணோடு குலுக்கி, வடிகட்டி, மீதமுள்ள கால்சியத்தை அளப்பார்கள். குறைந்த கால்சியம் எவ்வளவோ அவ்வளவை மண் வாங்கியிருக்கிறது. அதையே ஏக்கர் கணக்குக்குப் பெருக்கித் தருகிறார்கள். மண் ஆய்வுக்கூடங்களை வட்டார வேளாண்மை விரிவாக்க மையம் மூலம் அணுகலாம். மாதிரி எடுக்கும்போது வெள்ளை பூத்த திட்டையும் நல்ல பகுதியையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே எடுத்து அனுப்ப வேண்டும்.

உண்டான உப்பு எங்கே போகும்?

பலரும் ஜிப்சம் போட்டதோடு வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். கணக்கின் மறுபாதியை அவர்கள் பார்ப்பதில்லை. 2,322 கிலோ தூய ஜிப்சம் வேலை செய்தால் 621 கிலோ சோடியம் வெளிவந்து 1,917 கிலோ சோடியம் சல்பேட் உண்டாகும். ஏறக்குறைய இரண்டு டன் உப்பு! இது வயலிலேயே தங்கினால் கோடையில் மீண்டும் மேலே பூக்கும்; சோடியமும் மறுபடி களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இந்த உப்பை வேர் மண்டலத்துக்கு வெளியே கொண்டு போவதே சீர்திருத்தத்தின் முக்கிய வேலை.

இதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? ஜிப்சம் அவ்வளவு எளிதில் கரையாது. ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும். இரண்டு கிராம் என்று கொண்டால் 2,322 கிலோவைக் கரைக்க 11.6 லட்சம் லிட்டர் வேண்டும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் நீர் கட்டினால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். ஆகவே பதினோரு அங்குலத்துக்கு மேல் நீர் தேவை. நான்கு அங்குலமாகக் கட்டினால் மூன்று தடவை. ஒரே பாய்ச்சலில் வேலை முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

செய்முறை வருமாறு:

1. வயலை நன்றாகச் சமன்படுத்தி, 25 முதல் 30 சென்ட் அளவுள்ள பாத்திகளாக வரப்பு கட்ட வேண்டும். மேடு பள்ளம் இருந்தால் மேட்டில் உப்பு தங்கிவிடும்.

2. இரண்டடி ஆழம், ஒன்றரை அடி அகலத்தில் வடிகால் எடுக்க வேண்டும். நீர் மேலோடு வழிந்து போனால் பயனில்லை. மண்ணுக்குள் இறங்கி வடிகாலில் கசிய வேண்டும்.

3. நல்ல தண்ணீர் கட்டி, ஜிப்சத்தைச் சீராகத் தூவி, மேல்மண்ணில் கலக்கும்படி உழ வேண்டும். ஆழமாகப் புதைக்கக் கூடாது.

4. நீர் ஒருநாள் நின்றபின் வடித்துவிட்டு, மீண்டும் நல்ல நீர் கட்டி வடிக்க வேண்டும். மேலே கண்ட கணக்குப்படி மூன்று தடவைக்குக் குறையக் கூடாது.

5. அதன்பின் தக்கைப்பூண்டு போன்ற தழையுரத்தை ஏக்கருக்கு 2½ டன் வீதம் மிதித்துவிட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்து நட வேண்டும். களர் நிலத்தில் துத்தநாகச் சத்து எளிதில் கிடைக்காது. ஆகவே ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட் இட வேண்டும்.

6. முதல் ஆண்டில் திருச்சி 1, கோ 43 போன்ற களர் தாங்கும் ரகங்களை நடுவது நல்லது.

ஜிப்சத்துக்குப் பதில் சுண்ணாம்புக்கல் தூளைப் போடுவோரும் உண்டு. அதிலும் கால்சியம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் களரின் காரத்தன்மையில் அது கரைவதில்லை. கரையாத கால்சியம் கணக்கில் சேராது.

உவர் வேறு, களர் வேறு

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்தின் கரையோர வயல்களில் கடல்நீரைக் கொண்டுவந்து நிரப்பியது. அப்போது அந்த மண் உவர் மண்ணானது. உப்பு பெரும்பாலும் மண்ணின் நீரில் கரைந்திருந்தது. அப்படிப்பட்ட உப்பைப் போக்க முதலில் வேண்டியது நல்ல நீரும் வடிகாலும்தான். 2005ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை மிகுதியாகப் பெய்ததால் பல வயல்களில் மேல்மண்ணின் உப்பு பெருமளவு கரைந்து போயிற்று.

ஆயினும் கடல்நீரில் சோடியமே மிகுதி. அதில் ஒரு பகுதி களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். அத்தகைய மண்ணை ஜிப்சம் இல்லாமல் வெறும் நீரால் மட்டும் கழுவினால், கரைந்த உப்பு போய்விடும். ஒட்டிய சோடியம் நிற்கும். மண் கலைந்து இறுகிவிடும். உவர் நிலம் களர் நிலமாக மாறுவது இப்படித்தான். ஆகவே கடலோர விவசாயிகள் மண் பரிசோதனையில் உப்பின் அளவை மட்டும் கேட்டு நிற்காமல் சோடியத்தின் அளவையும் கேட்டறிய வேண்டும். சோடியம் மிகுந்திருந்தால் கழுவுவதற்கு முன்பே ஜிப்சம் இட வேண்டும்.

எப்போது செய்வது?

வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறந்து ஜனவரி 28ஆம் தேதி மூடப்படும். எல்லா ஆண்டும் இந்த நாள் தவறாமல் அமைவதில்லை. களர் வயலில் குறுவைக்கு அவசரப்படாமல், கோடையில் சமன்படுத்தி வடிகால் எடுத்து, ஆற்று நீர் வந்ததும் ஜிப்சம் இட்டுக் கழுவி, சம்பா நடுவது ஏற்றது. பின்னால் வரும் வடகிழக்குப் பருவமழையும் மிச்ச உப்பைக் கழுவும். ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் கொண்டு கழுவ நினைப்பவர்கள் அந்த நீரையும் பரிசோதிக்க வேண்டும். நீரிலேயே சோடியம் மிகுந்திருந்தால் வெளியேற்றிய சோடியம் வேறு வழியில் உள்ளே வந்துவிடும்.

ஒருவர் வடிகால் மற்றவர் வாய்க்கால்

கடைசியாக ஒரு செய்தி. டெல்டாவில் மேல் பகுதியின் வடிகால் நீரே பல இடங்களில் கீழ் பகுதிக்குப் பாசன நீராகிறது. மேலே கண்ட கணக்கில் 1,917 கிலோ உப்பு 11.6 லட்சம் லிட்டர் நீரில் போனால் லிட்டருக்கு ஒன்றரைக் கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். கீழ் வயலில் நாற்று பச்சை பிடிக்கும் நாளில் அந்த நீர் போய்ச் சேர்ந்தால் அங்கே பயிர் கருகும். அதோடு ஊரில் சண்டையும் வரும்.

எனவே ஒரே வடிகாலைச் சேர்ந்த விவசாயிகள் கூடிப் பேசி, கீழ் பகுதி நடவுக்கு முன்பாகவோ, ஆற்றில் நீர் மிகுந்து ஓடும் நாட்களிலோ ஒரே சமயத்தில் கழுவி விடுவது நல்லது. வடிகாலைச் சேர்ந்தே தூர் வாரவும் வேண்டும். வடிகால் அடைபட்டிருக்கும் ஊரில் எத்தனை மூட்டை ஜிப்சம் போட்டாலும் உப்புக்குப் போக வழியில்லை.

எத்தனை கிலோ சோடியம் இருக்கிறது, அதற்கு எத்தனை கிலோ ஜிப்சம், உண்டாகும் உப்பு எத்தனை கிலோ, அது எந்த வழியாகப் போகும் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதிவிட்டு மூட்டை வாங்கச் செல்லும் விவசாயியின் பணம் மண்ணோடு போகாது, மண்ணைத் திருத்தும்.